நலம் பதினேழு

நாற்பது நிமிடம் அசையாமல் படுத்திருக்கத் தெரிந்தவர்கள் மிகவும் குறைவு. இருபத்திரண்டு வருடமாக ஸ்கேன் படங்களைப் பார்த்து வயிற்றைக் கழுவுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்தக் குழாய்க்குள் தலையை நுழைத்த மறுநிமிடமே மனிதர்களுக்கு மூக்கு அரிக்கும், தொண்டை கமறும், என்றோ நடந்த குடும்பச் சண்டை ஞாபகம் வந்து காலை ஆட்டுவார்கள். பெரிய பதவியில் இருப்பவர்கள் இன்னும் மோசம். என் மனைவி ஆய்வுக்காகப் படுத்த எட்டுத் தடவையில் ஒரு தடவைகூட அசைந்ததில்லை. எந்திரம் கடகடவென்று தட்டும்போது என்ன நினைத்துக்கொண்டு படுத்திருப்பாய் என்று ஒருமுறை கேட்டேன். வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லித்தருகிற பாடத்தை மனசுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்ப்பாளாம்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. படங்கள் அவ்வளவு தெளிவாக வந்ததில் பாதிப் பெருமை அவளுக்கு. ஆளாளுக்கு இப்போது என்னைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள்.

"நடந்ததை உங்கள் வார்த்தைகளிலேயே எழுதிக் கொடுங்கள்" என்று விசாரணைக் குழு கேட்டிருக்கிறது. எழுதுகிறேன். குழுவின் தலைவர் என் ஆய்வுக் கட்டுரையில் ஐந்தாவது ஆசிரியர். ஒரு வரிகூடப் படிக்காமல் தன் பெயரைச் சேர்க்கச் சம்மதித்த அவருடைய பெருந்தன்மையை நான் மறக்கவில்லை. அவருக்காகவே கொஞ்சம் விளக்கமாக, அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன்.

எம்.எஸ். என்று நாங்கள் சுருக்கிச் சொல்கிற மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் நோயில், உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே மூளைக்குள் புகுந்து நரம்புகளின் மேலுறையைத் தின்கின்றன. மின்கம்பியின் பிளாஸ்டிக் உறையை எலி கடிக்கிற மாதிரி. கடிபட்ட இடத்தில் அழற்சி உண்டாகும். ஊசி வழியாகக் கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்திப் படம் எடுத்தால், புதிதாகப் பற்றிய இடம் விளக்குப் போட்டதுபோல ஒளிரும். சில வாரங்களில் ஒளி அடங்கி, வெள்ளைத் தழும்பு மிஞ்சும். சில தழும்புகள் வெளிப்பார்வைக்கு ஆறியதுபோல இருந்தாலும் ஓரத்தில் வருடக்கணக்காகக் கனிந்துகொண்டே இருக்கும். நீறு பூத்த நெருப்பு என்போமே, அதேதான். அந்த நெருப்பைப் படத்தில் பிடிப்பது எங்கள் ஆய்வு.

இந்தத் துறையில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. நோயாளிகள் எங்களிடம் வரும்போது வீடு பாதி எரிந்திருக்கும். கண் மங்கி, கால் இழுத்து, நாலு டாக்டரைப் பார்த்த பிறகுதான் வருவார்கள். வந்த உடனே யாராவது மருந்து கொடுத்து அணைத்துவிடுவார்கள். முதல் பொறி எங்கே விழுகிறது, யாரும் கை வைக்காமல் விட்டால் எப்படிப் பரவுகிறது என்பதை மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தவர்கள் யாரும் இல்லை. எனக்கு இது பல வருடமாக ஒரு மனக்குறை.

ஆய்வுக்கு நாற்பது நோயாளிகளும், ஒப்பிட்டுப் பார்க்க இருபது நலமானவர்களும் தேவைப்பட்டார்கள். எல்லாருக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை படம். பெயர் கிடையாது, எண்தான். நோய் ஒன்று முதல் நோய் நாற்பது வரை, நலம் ஒன்று முதல் நலம் இருபது வரை. நன்னெறிக் குழு எங்களிடம் பதினான்கு கேள்விகள் கேட்டது. அதில் ஒன்பது ஒப்புதல் படிவத்தின் எழுத்தளவைப் பற்றியவை. பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்ததும் அனுமதி வந்துவிட்டது.

நோயாளிகள் சுலபமாகக் கிடைத்தார்கள். நலமானவர்கள்தான் கிடைக்கவில்லை. நலமாக இருக்கிறவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. முப்பத்தைந்திலிருந்து நாற்பதுக்குள் பெண்கள் வேண்டும் என்று அலைந்தோம். எங்கள் துறைத் தலைவர் ஒருநாள் பொறுமை இழந்து, "ஏன்யா, உங்க யாருக்கும் வீட்டுல ஆளே இல்லையா? பொண்டாட்டியக் கூட்டிட்டு வாங்க" என்றார். அறிவியல் இப்படித்தான் முன்னேறுகிறது.

என் மனைவி கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். பதினொரு வருட அனுபவம். அவளுடைய வண்டியில் கற்பவர் பக்கம் ஒரு பிரேக், அவள் பக்கம் ஒரு பிரேக். நடுநடுங்கிக்கொண்டு வருகிறவர்களையும் நாலே வாரத்தில் சாலையில் இறக்கிவிடுவாள். வாய் ஓயாது. "கிளட்ச் உங்க எதிரி இல்லீங்க, மெதுவா விடுங்க", "கண்ணாடிய பாருங்க, உங்க மூஞ்சிய இல்ல, பின்னாடி வர்ற லாரிய" என்று அவள் சொல்வதைக் கேட்டுச் சிரித்தபடியே ஓட்டக் கற்றுக்கொள்வார்கள். தன் வலது காலைப் பற்றி அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. யோசனை வருவதற்கு முன்பே அது பிரேக்குக்குப் போய்விடும் என்பாள்.

ஆய்வுக்கு வரச் சொல்லிக் கேட்டபோது, "எனக்கு இதுல என்னங்க பிரயோஜனம்?" என்றாள்.

"மூளை இருக்கான்னு தெரிஞ்சுக்கலாம்."

"அத நீங்க கல்யாணத்துக்கு முன்னாடியே பார்த்திருக்கணும்."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். ஸ்கேன் அறை குளிரும் என்பதால் வீட்டிலிருந்து கம்பளிக் காலுறை கொண்டுவந்தாள். அவளுக்கு எண் பதினேழு. யாருக்கு எந்த எண் என்று பங்கேற்பவர்களுக்குச் சொல்வதில்லை.

இங்கே எங்கள் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். படத்தை வாசிக்கிறவனுக்கு அது யாருடைய தலை என்று தெரியக் கூடாது. கண்கட்டு வாசிப்பு என்போம். பெயரை நீக்கி, முகத்தை அழித்து, எண்களைக் கலைத்துப்போட்டு வேறொரு எண்ணில்தான் படம் எங்கள் திரைக்கு வரும். நோயாளியா நலமானவரா என்பதுகூடத் தெரியாது. ஒருவேளை வாசிக்கிறவனுக்கு ஆள் அடையாளம் தெரிந்துவிட்டால், உடனே ஒன்பதாம் எண் படிவத்தை நிரப்பி, படத்தை இன்னொரு வாசிப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். விதி தெளிவாக இருக்கிறது. நான் விதிகளை மதிக்கிறவன்.

ஆய்வின் முதல் சுற்றில் ஒரு மத்தியான நேரம் அந்தப் படம் வந்தது. மூளையின் நடுவே இரண்டு நீரறைகள் உண்டு. இதில் இடது அறை வலதைவிடச் சற்றுப் பெரியது. அப்படி ஒரு மூளையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். எந்திரம் புதிதாக வந்தபோது சரிபார்ப்பதற்காக என் மனைவியைத்தான் படுக்க வைத்தோம். வகிடு கோணலாக எடுத்த மாதிரி இருக்கிறது என்று அவளை ஒரு வாரம் கேலி செய்தேன். இப்போது அந்த இடது அறையின் ஓரத்தில் இரண்டு வெண்புள்ளிகள், விரலை நீட்டியது மாதிரி செங்குத்தாக நின்றன. அப்படி நிற்கிற புள்ளிகளுக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் துறையில் முதல் வருடமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

நான் தேநீரைக் குடித்து முடித்தேன். பிறகு நிதானமாக யோசித்தேன். அடையாளம் தெரிந்தது என்று படிவம் நிரப்பினால் படம் இன்னொரு வாசிப்பாளருக்குப் போக வேண்டும். அவர் பிரசவ விடுப்பில் இருந்தார். வேலை மூன்று மாதம் நின்றுபோகும். தவிர, அடையாளம் தெரிந்ததாக எழுதினால் கண்கட்டு வாசிப்பின் நம்பகத்தன்மையே போய்விடும். எனவே விதிக்கு உட்பட்டு, எனக்கு அடையாளம் தெரியவில்லை என்று முடிவெடுத்தேன். ஒரு முறை முடிவெடுத்த பிறகு அது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. எங்கள் புள்ளியியல்காரரிடம் போனேன். அவரை எல்லாரும் சராசரி என்றுதான் கூப்பிடுவோம். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். நலமானவங்க பட்டியல்ல இருக்கற ஒருத்தர் நலமா இல்லேன்னா?"

"எத்தனை பேர் இருக்காங்க?"

"சரியா இருபது."

"அப்ப அவங்க நலமாத்தான் இருக்காங்க" என்றார் சராசரி. "பத்தொன்பதுன்னா கணக்கே நிக்காது சார். எல்லாத்தையும் முதல்லேருந்து பண்ணணும். நலம்னு எழுதியிருந்தா நலம்தான். அத ஏன் போய் நோண்டறீங்க?"

துறையில் அவர் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. நானும் அதை நோண்டவில்லை.

ஆறு மாதம் கழித்து இரண்டாவது படம். இரண்டு புள்ளிகள் ஐந்தாகியிருந்தன. அதில் ஒன்று ஒளிர்ந்தது. நான் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப்போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தேன். என்ன உணர்ந்தீர்கள் என்று குழுவில் ஒருவர் கேட்டார். பயந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. உடம்பில் ஒரு குறையும் சொல்லாத, யாரும் ஒரு மாத்திரையும் கொடுக்காத மூளையில், முதல் பொறியிலிருந்து நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு வாய்ப்பு இன்னொருவருக்குக் கிடைக்காது. கிடைத்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று உங்களையே கேட்டுப்பாருங்கள்.

அவளிடம் சொன்னால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். அழுவாள். தம்பியைக் கூப்பிடுவாள். மறுநாளே நரம்பு டாக்டரிடம் போவார்கள், அவர் வருடக்கணக்கில் எடுக்கிற மருந்தை ஆரம்பிப்பார், புதுப் புள்ளிகள் வருவது நின்றுவிடும். அதற்குப் பிறகு எடுக்கிற படத்தில் மருந்தைத்தான் பார்க்கலாம், நோயைப் பார்க்க முடியாது. இன்னும் ஒரு படம் எடுத்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். மூன்றாவது படத்துக்குப் பிறகு நான்காவதையும் எடுத்துவிடலாம் என்று தோன்றியது. சொல்லவே மாட்டேன் என்று நான் ஒருநாளும் முடிவெடுத்ததில்லை. ஆறப்போட்டேன், அவ்வளவுதான்.

இரண்டாம் வருடத்தில் அவளுக்கு இடது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. வெந்நீரில் குளித்துவிட்டு வந்தால் கண் கொஞ்சம் மங்குகிறது என்றாள். வெயிலில் இரண்டு வகுப்பு எடுத்தால் மூன்றாவதற்குக் கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்றாள். உடம்பு சூடேறினால் இந்த நோயில் அப்படித்தான் ஆகும். "வயசு ஏறுதில்ல, சத்து மாத்திரை சாப்பிடு" என்றேன். நானே வாங்கிக்கொண்டும் வந்தேன். நல்ல மாத்திரை. அதில் குறை சொல்ல முடியாது.

படம் மட்டும் இருந்தால் போதாது, எந்தப் புள்ளி எந்தத் தொந்தரவைக் கொடுக்கிறது என்றும் தெரிய வேண்டும். அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். தினமும் சாயங்காலம் அவள் வண்டியை நிறுத்திவிட்டு வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். இன்றைக்குக் கை எப்படி இருக்கிறது, கால் எப்படி, படியேறும்போது தடுமாறியதா, பேசும்போது வார்த்தை சிக்கியதா. அவள் ஒவ்வொன்றாகச் சொல்வாள். பதினைந்து வருடத்தில் நான் அவளிடம் இத்தனை கேள்வி கேட்டதில்லை. அவளுடைய தம்பி, என் மச்சினன், கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன், வீட்டுக்கு வந்திருந்தபோது என் எதிரிலேயே சொன்னாள்: "உங்க மாமா இப்பதான்டா மனுஷனாயிருக்காரு. தினமும் உக்காந்து என்னைப் பத்தி விசாரிக்கறாரு. நம்பமாட்டே."

மச்சினன் என்னைப் பார்த்து, "என்ன மாமா, என்ன தப்பு பண்ணீங்க?" என்று கேட்டுச் சிரித்தான்.

நாங்கள் மூவருமே சிரித்தோம். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அந்த இரண்டு வருடம்தான் மிக நல்ல காலம் என்று இன்றும் நினைக்கிறேன். அவளைக் கேட்டாலும் அப்போது அதையே சொல்லியிருப்பாள்.

ஏழாவது படம் முடிந்ததும் ஒரு பெரிய மாநாட்டில் பேசக் கூப்பிட்டார்கள். துணையையும் அழைத்து வரலாம் என்றார்கள், அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். என் பேச்சின் தலைப்பு, 'முதல் பொறியிலிருந்து'. சுவர் அகலத்துக்கு ஒரு திரை. அதில் நலம் பதினேழின் மூளை, மூன்று வருடம், ஏழு படங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. புள்ளி தோன்றுகிறது, ஒளிர்கிறது, அடங்குகிறது, பக்கத்தில் இன்னொன்று தோன்றுகிறது. கடைசி வரிசையில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு.

கேள்வி நேரத்தில் ஒரு மூத்த டாக்டர் எழுந்து, "பங்கேற்பாளர் இப்போது எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார். "நலமாக இருக்கிறார்" என்றேன். திரையிலும் 'நலம் பதினேழு' என்றே எழுதியிருந்ததால் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவர் இன்னொன்று கேட்டார்: "அவருக்குத் தெரிவித்துவிட்டீர்களா?" அதற்கும் பதில் வைத்திருந்தேன். கட்டுரையின் அடிக்குறிப்பிலேயே 'உரியவருக்குத் தெரிவிக்கப்பட்டது' என்று போட்டிருந்தோம். அது பொய் இல்லை. ஒரு பெண்ணின் மூளையில் நோய் இருந்தால் தெரிந்துகொள்ள உரியவர்களில் கணவனும் ஒருவன். வாசிப்பாளராக எனக்குத் தெரியாது. கணவனாக எனக்குத் தெரிவிக்கப்பட்டது.

எழுந்து நின்று கை தட்டினார்கள். அவளும் தட்டினாள். திரும்பி வருகிற வழியில் ரயிலில் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தவள் திடீரென்று சொன்னாள்:

"அந்தப் பொண்ணு பாவம்ங்க."

"எந்தப் பொண்ணு?"

"படத்துல காட்டினீங்களே. அவ மூளை அப்படிக் கொஞ்சம் கொஞ்சமா எரியுது, இத்தனை பேரு உக்காந்து சினிமா மாதிரி பார்க்கறோம். அவகிட்ட முழுசா எடுத்துச் சொல்லியிருப்பாங்கல்ல?"

"விதிப்படி எல்லாம் நடக்கும்."

"என்ன விதியோ. நானா இருந்தா உங்களையெல்லாம் சும்மா விடமாட்டேன்."

அன்று நோட்டுப் புத்தகத்தில், பேச்சு தெளிவு, தடுமாற்றம் இல்லை என்று எழுதினேன்.

எட்டாவது படத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது இடது கண்ணில் வலி வந்தது. சிக்னலில் சிவப்பு விளக்கு வெளுத்துத் தெரிகிறது என்றாள். கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்று தம்பியிடம் போனாள். மச்சினன் ஒரு சிவப்பு மூடியை எடுத்து வலது கண்ணுக்குக் காட்டினான், பிறகு இடது கண்ணுக்குக் காட்டினான். "இந்தக் கண்ணுக்கு ரோஸ் கலரா தெரியுது" என்றிருக்கிறாள். அவன் கடையை அப்படியே போட்டுவிட்டு அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனான். எனக்கு போன் செய்து, "இது கண்ணாடி சமாச்சாரம் இல்ல மாமா, கண் நரம்புல ஏதோ வீக்கம்கிறாரு. ஸ்டீராய்டு மாத்திரை எழுதியிருக்காரு. தலையில ஒரு ஸ்கேன் எடுக்கணுமாம். உங்க இடத்துலேயே எடுத்துடலாம்ல?" என்றான். தாராளமாக என்றேன்.

இங்கே உங்கள் குற்றச்சாட்டுப் பட்டியலில் இல்லாத ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. யாரும் கேட்கவில்லை. ஆனால் முழுமையில்லாத அறிக்கை எனக்குப் பிடிக்காது. ஸ்டீராய்டு உள்ளே போனால் இரண்டே நாளில் ஒளி அடங்கத் தொடங்கும். மூன்றரை வருடம் கண்ணும் கருத்துமாகப் பார்த்துவந்த தொடர், நெருப்பு உச்சத்தில் இருக்கிற நேரத்தில் அறுந்துபோகும். ஆகவே அந்தப் புட்டியில் இருந்த மாத்திரைகளை எடுத்துவிட்டு, அதே நிறத்தில் இருந்த சத்து மாத்திரைகளைப் போட்டுவைத்தேன். அவள் வேளை தவறாமல், சாப்பாட்டுக்குப் பிறகு, எழுதியிருந்த நாள் வரைக்கும் விழுங்கினாள். ஸ்டீராய்டு கண்ணைச் சீக்கிரம் தேற்றுமே தவிர, கடைசியில் திரும்பக் கிடைக்கிற பார்வையின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அந்த வகையில் நான் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது சில வாரங்களை மட்டும்தான்.

எட்டாவது படம் நான் பார்த்ததிலேயே அழகானது. கண் நரம்பு ஒளிர்ந்தது. வலது காலை ஆட்டிவைக்கிற நரம்புகள் இறங்கி வருகிற பாதையில் ஒரு புதிய புள்ளி, வளையமாக, ஓரமெல்லாம் பிரகாசமாக. மொத்தம் பதினான்கு. வெளியே காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்த அவளிடம் போய், எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று சொன்னேன். "அப்பாடா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வகுப்புக்கு லீவு போட்டுடலாமான்னு இருந்தேன். இனிமே வேண்டாம்ல?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். லீவு போடு என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள் அல்லவா?

பன்னிரண்டு நாள் கழித்து அந்த விபத்து நடந்தது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். அறுபத்து மூன்று வயதில் கார் ஓட்ட ஆசைப்பட்டவர். சாலைச் சந்திப்பில் சிவப்பு விழுந்தது. வாத்தியார் பதறிப்போய் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதித்தார். அதற்காகத்தான் அவள் பக்கத்தில் இன்னொரு பிரேக் இருக்கிறது. விளக்கு வெளுத்துத் தெரிந்ததில் ஒரு நொடி தாமதம். கால் போகாததில் இன்னொரு நொடி. வண்டி நடைபாதையில் ஏறி விளக்குக் கம்பத்தில் மோதியது. வாத்தியாருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அவளுக்கு நெற்றியில் நாலு தையல்.

ஆஸ்பத்திரியில் அவள் தையலைப் பற்றிக் கவலைப்படவில்லை. "எம்மேலதான் தப்பு. என் கால் போகல. அவர் மனைவி மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். பதினொரு வருட வேலையை அன்றே விட்டுவிடுவதாகச் சொன்னாள். நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவள் தன்னைத் திட்டிக்கொள்வதை நிறுத்தியிருப்பாள். ஆனால் எட்டாவது படத்தின் வாசிப்பை நான் இன்னும் பதிவேற்றியிருக்கவில்லை. பதிவேற்றுவதற்கு முன் முடிவைப் பற்றிப் பேசக் கூடாது என்று விதி இருக்கிறது.

கால் ஏன் போகவில்லை என்று அந்த ஆஸ்பத்திரியின் நரம்பு டாக்டரம்மாவுக்கு ஒரு சந்தேகம். கட்டைவிரலால் அவள் உள்ளங்காலைக் கீறிப் பார்த்தார். கால் பெருவிரல் கீழே மடங்காமல் மேலே எழுந்தது; மூளையிலோ தண்டுவடத்திலோ கோளாறு என்பதற்கு அது அடையாளம். யாரையும் கேட்காமல் ஸ்கேன் எடுத்தார். படத்தோடு திரும்பி வந்தவர் கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது தலையில ஸ்கேன் எடுத்திருக்கீங்களாம்மா?"

"ஒன்பது தடவை டாக்டர்" என்றாள் என் மனைவி, கொஞ்சம் பெருமையாகவே. "எங்க வீட்டுக்காரர் துறையிலதான். எல்லாத்தையும் இவரேதான் பார்ப்பாரு. ஒண்ணும் இல்ல, சுத்தமா இருக்குன்னு போன வாரத்துக்கு முந்தின வாரம்கூடச் சொன்னாரு."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "எட்டு" என்றேன். "முதலாவது எந்திரத்தைச் சரிபார்க்க எடுத்தது. ஆய்வுக் கணக்கில் வராது."

டாக்டரம்மா மெதுவாக, ஒவ்வொன்றாக, அவளுக்கு விளக்கினார். பழைய தழும்புகள், புதியவை, எத்தனை வருடமாக இருக்கலாம் என்று. என் மனைவி நடுவில் குறுக்கிடாமல் கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மூணு வருஷம் முன்னாடியே மருந்து எடுத்திருந்தா, இந்தக் கால் இப்படி ஆகியிருக்குமா?"

"உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா ஆகாம இருந்திருக்க நிறைய வாய்ப்பு இருந்திருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். "தினமும் சாயங்காலம் உக்காந்து, கை எப்படி இருக்கு, கால் எப்படி இருக்குன்னு கேட்டீங்களே. அதெல்லாம் எதுக்கு?"

பொய் சொல்லக் கூடாது என்று தோன்றியது. "பதிவுக்கு" என்றேன்.

அவள் அழவில்லை, திட்டவுமில்லை. மச்சினனைக் கூப்பிட்டு, "இவர வெளியே போகச் சொல்லுடா" என்றாள். அவன் என் சட்டையைப் பிடித்தான். நான் தடுக்கவில்லை. அவன் நிலைமையில் அது நியாயம்தான். என் கன்னத்தில் இருந்த காயத்தைப் பற்றிக் குழுவில் கேட்டீர்கள், அதற்கு இதுதான் காரணம். அவன்மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். மூன்றரை வருடம் தெரிந்தே சொல்லாமல் இருந்தேன். மாத்திரையை மாற்றினேன். படம் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி அவளை வண்டியில் ஏற்றி அனுப்பினேன். இதில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கல்நெஞ்சக்காரன் என்று மச்சினன் ஊரெல்லாம் சொல்கிறான், அதை மட்டும் ஏற்க முடியவில்லை. அவளை நான் கவனித்த மாதிரி எந்தக் கணவன் தன் மனைவியைக் கவனித்திருக்கிறான்? அவளுடைய ஒவ்வொரு விரலும் எந்தத் தேதியில் மரத்தது என்று நான் சொல்வேன்.

நோட்டுப் புத்தகம் மூன்றையும், எட்டுப் படங்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். கட்டுரையைத் திரும்பப் பெறப்போவதாகச் சொன்னீர்கள். பெயரை எடுத்துவிடுங்கள், பரவாயில்லை. படங்களை அழித்துவிடாதீர்கள்.

அவளுக்கு வருகிற திங்கட்கிழமை மருந்து ஆரம்பிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மனப்பூர்வமாகச் சந்தோஷப்படுகிறேன். நல்ல மருந்து, நெருப்பை அடக்கிவிடும். இனி அவள் சீராக இருப்பாள், அதுதான் எனக்கும் வேண்டும். ஒரே ஒரு வேண்டுகோள். திங்கட்கிழமைக்குப் பிறகு இந்தத் தொடரில் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது. ஞாயிற்றுக்கிழமை எந்திரம் சும்மாதான் கிடக்கும். அன்றைக்கு ஒன்பதாவது படத்தை எடுத்துவிட்டால் தொடர் முழுமையாகிவிடும். நான் அங்கே வரமாட்டேன், யார் வேண்டுமானாலும் வாசிக்கட்டும். நான் கேட்டதாக மட்டும் அவளிடம் சொல்ல வேண்டாம். சிகிச்சைக்குத் தேவை என்று சொன்னால் போதும், வந்து படுத்துவிடுவாள்.